அவில்தார் உட்கார்ந்த நாள்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? புண்ணுக்குக் கட்டு எப்படிப் போடுவது, சர்க்கரை இறங்கிப் படபடப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்டால் ஒரு நியாயம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, "ஆயா, மிலிட்டரித் தாத்தாவ சாவு வூட்டுக்குத் தள்ளிக்கினு போனியாமே, இன்னா ஆச்சு?" என்று வரிசையாக உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறீர்கள். வீட்டு நர்சிங் வேலைக்கு வந்தவர்கள் மாதிரியா இருக்கிறது? மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் மாதிரி இருக்கிறது. நானே முட்டி தேய்ந்து வேலையை விட்டவள். வாயாவது ஓய்வெடுக்கட்டும் என்றால் விடமாட்டேன் என்கிறீர்கள்.

சரி, சொல்லித் தொலைக்கிறேன். பாதியில் போனைப் பார்க்கிறவர்கள் இப்போதே வெளியே போய்விடுங்கள்.

சாந்தோம் பக்கம் ஒரு சந்து. மாதா கோயில் மணி அடித்தால் அலமாரியில் இருக்கிற தட்டு அதிரும், அவ்வளவு பக்கம். அங்கேதான் சூசைநாதன் ஐயா இருந்தார். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவர். எழுபதைத் தாண்டிய வயது. சர்க்கரை வியாதி அந்த வீட்டுக்குப் பழைய விருந்தாளி. அது தனியாகவா இருக்கும்? பிரஷரைக் கூட்டிக்கொண்டு வந்தது, சிறுநீரகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். நான் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்துபோவேன்.

முதல் நாள் போனபோது ஐயா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை கேன்வாஸ் ஷூ, இஸ்திரி போட்ட சட்டை. நான் உள்ளே போய் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. பெண் பிள்ளை நின்றால் அவர் உட்கார மாட்டார். விருந்தாளி நின்றால் உட்கார மாட்டார். டிவியில் 'ஜன கண மன' வந்தால் எழுந்துவிடுவார். அந்த வீட்டு நாற்காலிகள் எல்லாம் புதுசாகவே இருந்தன. யார் உட்கார்ந்து தேய்ப்பது?

கொஞ்ச நாளிலேயே என் மூக்குக்கு ஒரு சேதி வந்தது. அவர் ஷூவைக் கழற்றி வைக்கிற மூலையில் செத்த எலி வாடை. கேட்டேன். பாலிஷ் வாசனை என்றார்.

"எந்தக் கம்பெனி பாலிஷு ஐயா அது, கருவாட்டுல பண்றானா?" என்றேன்.

சிரித்தார். ஆனால் சாக்ஸைக் கழற்ற விடவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே காலைப் பிடித்து நானே உருவினேன். சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. இடது கால் கட்டைவிரல் செவ்வாழைப் பழம் மாதிரி வீங்கிச் சிவந்திருந்தது. அடியில் ஒரு பொத்தல், பட்டாணி போகிற அளவுக்கு.

வலிக்கிறதா என்று கேட்டேன். "சுத்தமா இல்ல, கன்னிம்மா. வலிச்சாத்தானே காயம்?" என்றார்.

நான் வேலை கற்றுக்கொண்ட ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய சிஸ்டர் இருந்தார். அவர் பேர் எல்லாம் உங்களுக்கு வேண்டாம். அவர் சொல்வார்: பட்டாளத்தான் வலிக்குதுன்னு சொன்னா ஓடு, வலிக்கலைன்னு சொன்னா இன்னும் வேகமா ஓடு. சர்க்கரை முதலில் போன் வயரைத்தான் அறுக்கும். அதன் பிறகு காலில் நெருப்பு பிடித்தாலும் தலைக்குச் சேதி போகாது. இவர்களோ வலியைச் சொல்வதே கோழைத்தனம் என்று பழகியவர்கள். பட்டாளத்தில் உடம்பு சரியில்லை என்று சீட்டு வாங்கிப் போய்ப் படுத்தால் கூட இருப்பவன் கேலி செய்வானாம். அந்தக் கேலிக்குப் பயந்தவர், எத்தனை வயதானாலும் பயந்தவர்தான்.

நான் ஓடினேன். ஸ்டெல்லா டீச்சரைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரவழைத்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. முகத்தில் அவசரமே இல்லாதவர். மெல்லிய ஒரு கம்பியை அந்தப் பொத்தலுக்குள் விட்டுப் பார்த்தார். அது கல்லில் பட்ட மாதிரி முட்டிக்கொண்டு நின்றது. ஐயா கூரையில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை. டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுத்த பிறகு, ஐயாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"இது தோல்ல வந்த புண்ணு இல்ல ஐயா. கிருமி எலும்புக்குள்ள போயிடுச்சு. கதவு நெலையில கரையான் ஏறுன மாதிரி. மேல பெயின்ட் அடிச்சா நிக்காது, அரிச்ச கட்டைய எடுத்தாகணும்."

கட்டைவிரலை எடுத்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த எலும்பிலும் கொஞ்சம் அரிப்பு இருந்தது. அதில் ஒரு துணுக்கை எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்து, அதற்கென்று ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மருந்து கிருமிக்கும் எமன், ஐயாவின் சிறுநீரகத்துக்கும் எமன். அதனால் அடிக்கடி ரத்தம் பார்த்து, அளந்து அளந்து ஏற்ற வேண்டும். கையில் மெல்லிய ஒரு குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் ஒரு நர்ஸ் வந்து மருந்து ஏற்றிவிட்டுக் கட்டு மாற்றுவார். வாரக்கணக்கில் இப்படி.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அந்தக் கால் தரையில் படவே கூடாது. பட்டால் மருந்து ஏறுவதும் ஒன்றுதான், ஏறாததும் ஒன்றுதான். "நின்னீங்கன்னா அடுத்து முட்டிக்குக் கீழ எடுக்குற மாதிரி ஆயிடும் ஐயா. உங்க காலு இப்ப உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

ஆக, ஒரு மனிதனின் கால் பிழைப்பதும் போவதும் அவர் உட்காருவதில் இருக்கிறது. யார்? வாழ்க்கையில் உட்காரவே தெரியாதவர்.

இன்னொருவரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அடுத்த சந்தில் இருந்த சவரிமுத்து. ஐயாவும் அவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் குதிகாலில் இதே மாதிரி புண், அதே டாக்டரம்மா. அவருக்கும் எலும்பில் கிருமி என்றுதான் சொன்னார்கள். ஆனால் சவரிமுத்து பாதி மருந்தில் வீட்டுக்கு வந்துவிட்டார். "மணப்பொண்ணு மாதிரி கால நீட்டிக்கினு எவன் குந்துவான்?" என்று கேட்டுக் கட்டின் மேலேயே ஷூவைப் போட்டுக்கொண்டார். மாதா கோயில் திருவிழாத் தேருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் போனார். சன்னலிலிருந்து பார்த்த ஐயாவுக்கு வயிற்றெரிச்சல். "பாரு சவரிய, ராஜா மாதிரி நடக்குறான். என்னைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கீங்க" என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

நான் சும்மா விட்டேனா? "ராஜா நடந்து போய் எங்க சேருவாருன்னு பார்த்துக்கினே இரு ஐயா, இன்சுலின் ஊசிக்கு நேரமாச்சு, சோறத் துன்னு" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த மறுநாள் நர்ஸ் கட்டைப் பிரித்தார். ரத்தம் கசிந்திருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா கூரையைப் பார்த்தார். முகம் பளபளவென்று இருந்தது, அப்போதுதான் மழித்த முகம். கண்ணாடியோ சுவரில் அவர் நின்ற உயரத்துக்கு மாட்டியிருந்தது. படுக்கையில் கிடக்கிற மனிதருக்கு மழித்துவிட்டது யார், மாதாவா?

திட்டினேன். இனிமேல் எழுந்திருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மறுநாளும் முகம் பளபள, கட்டுத் துணியில் கசிவு. ஸ்டெல்லா டீச்சர் வகுப்பில் பேசுகிற குரலில் கத்திப் பார்த்தார். அதற்கும் மசியவில்லை. மழிக்காமல் இருந்தால் மனிதனே இல்லை என்று பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதை நானும் ஒரு டீச்சரும் ஒரு வாரத்தில் மாற்றிவிட முடியுமா?

அவர் தூங்கும்போது அடுப்படியிலிருந்து குழவிக் கல்லை எடுத்துவந்தேன். கண்ணாடி மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கி, கட்டிலில் உட்கார்ந்தால் முகம் தெரிகிற உயரத்தில் அடித்தேன். அவர் கண் விழித்துப் பார்த்தார். அடுத்த நாள் உட்கார்ந்தபடியே மழித்துக்கொண்டார். நான் கண்டுகொள்ளாத மாதிரி துணி மடித்தேன். ஜெயித்தவர்கள் பேசக் கூடாது.

ஆளை மாற்றப் பார்க்காதீர்கள், பிள்ளைகளா. ஆணியை மாற்றுங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆணியாகத் தேடினேன். விருந்தாளி வந்தால் எழுந்து நிற்கிறாரா? வாசலிலேயே ஒரு முக்காலி போட்டேன். யார் வந்தாலும் முதலில் அதில் உட்கார வேண்டும், பிறகுதான் வணக்கம். வந்தவர் உட்கார்ந்துவிட்டால் இவர் எழுந்திருக்க வேலை இல்லையே. பங்குச் சாமியாரையும் விடவில்லை. பாவம், உயரமான மனிதர். அந்த முக்காலியில் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்து ஆசீர்வாதம் பண்ணினார்.

கசிவு நின்றது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வந்தது. பாதி மருந்து ஏறிவிட்டது.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் மாதா கோயில் துக்க மணி அடித்தது. நின்று நின்று அடிக்கிற மணி. சவரிமுத்து.

குளிர் ஜுரம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். குதிகால் எலும்பில் இருந்த கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டதாம். காலை எடுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் சொல்லச் சொல்ல, ஐயா கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாலிஷ் டப்பாவ எடு."

எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பக்கத்துப் பட்டாளத்தார் வைத்திருந்த ஒரு வழக்கம் அது. அவர்களில் ஒருவர் செத்தால், மற்றவர்கள் நீலக் கோட்டு, மெடல், பளபளக்கிற ஷூவோடு பெட்டிக்கு நாலு மூலையிலும் நிற்பார்கள். வீட்டில் நிற்பார்கள், கோயிலில் நிற்பார்கள், கல்லறையில் மண் தள்ளும்வரை நிற்பார்கள். யாரும் உட்காரக் கூடாது. தலைமாட்டில் நிற்பவர் ஆணை கொடுப்பார். 'சாவ்தான்' என்று இந்தியில், விறைப்பாக நில் என்று அர்த்தம். சாவு வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு முகத்தை நேராக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைமாடு எப்போதும் சூசை ஐயாவுடையது.

இடது ஷூவை என் கூடைக்குள், மதியச் சோற்று டப்பாவுக்கு அடியில் ஒளித்தேன். அவர் தேடினார். கிடைக்கவில்லை. "சரி, வெறுங்கால்ல போறேன்" என்றார். அது இன்னும் மோசம். ஷூவை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஸ்டெல்லா டீச்சர் அழுதார். காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். ஐயா மகளுடைய தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உங்கம்மா பட்டாளம் இல்லம்மா. ஆனா அவ பெட்டிக்குப் பக்கத்துல சவரி காலையிலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் நின்னான். ஒரு வாய் தண்ணி குடிக்கல. அவன் பெட்டிக்கு முன்னால நான் குந்திக்கினு இருக்கறதா?"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? 

நான் அடுத்த சந்துக்கு ஓடினேன். சவரிமுத்துவின் மனைவி ரெஜினாம்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காதோடு காதாக நிலைமையைச் சொல்லி, ஐயா வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் என்று கேட்டேன். அந்தம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. "சூசை அண்ணன் வராம என் வூட்டுக்காரரு கெளம்ப மாட்டாரு" என்றார். அவ்வளவுதான். பிடுங்கலாம் என்று போன ஆணி, இன்னும் ஆழமாக இறுகிவிட்டது.

திரும்பி நடக்கும்போது யோசித்தேன். கதவைப் பூட்டலாம். பூட்டினால் அவர் சன்னலை உடைப்பார். உடைக்காவிட்டாலும், நான் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து நழுவுவார். தடுத்தால் தனியாகப் போவார். தனியாகப் போனால் நடந்து போவார். நானே கூட்டிக்கொண்டு போனால் உருட்டிக்கொண்டு போகலாம். தடுக்க முடியாத இடத்துக்கு நோயாளி போகிறார் என்றால், கூடப் போவதுதான் நம்முடைய வேலை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டோம். அவர் முதலில் புண் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். பிறகு, இன்றைய மருந்து முழுக்க ஏறட்டும், கட்டைக் கனமாகப் போடச் சொல்லுங்கள், கால் உயரத்தில் இருக்கட்டும், ஒரு நொடிகூடத் தரையில் வேண்டாம், அப்படி முடியுமென்றால் போய்விட்டு வாருங்கள் என்றார்.

கோயிலில் வயதானவர்களுக்கென்று ஒரு சக்கர நாற்காலி உண்டு. கொண்டுவந்தேன். கால் வைக்கிற பலகை உடைந்திருந்தது. அலமாரியின் தட்டுப் பலகை ஒன்றை உருவி, தலையணை வைத்து, பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். ஐயாவிடம் பேரம் பேசினேன். சாவு வீடு வரைக்கும் நாற்காலி.

"ரோட்டுல மட்டும்தான். அங்க போயி நிப்பேன்" என்றார்.

"நில்லு ஐயா. இப்ப ஏறு" என்றேன்.

முழுச் சண்டையையும் வீட்டிலேயே போடக் கூடாது. கொஞ்சம் தெருவுக்கும் மிச்சம் வைக்க வேண்டும்.

நீலக் கோட்டு, மெடல், வலது காலில் ஷூ. இடது கால் வெள்ளைப் பொட்டலமாகப் பலகையில் நீண்டிருந்தது. பளபளக்கிற இடது ஷூவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார், அங்கே போய்ப் போட்டுக்கொள்வதற்காக. நான் தள்ளினேன். நாற்காலி கிரீச் கிரீச் என்று ஊரைக் கூட்டியது. வழி நெடுக எனக்கு ஒரே நினைப்பு: அங்கே எழுந்துவிட்டால் இத்தனை நாள் பாடும் மண்.

சாவு வீட்டில் மெழுகுவர்த்தி வாசனை, ஜெபமாலை முணுமுணுப்பு. பெட்டியின் மூன்று மூலையில் மூன்று கிழவர்கள் விறைப்பாக நின்றார்கள். தலைமாடு காலி. ஐயாவைப் பார்த்ததும் மூவரும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். அவரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தினேன். பிரேக்கைப் போடச் சொன்னார், போட்டேன். ஷூவை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றினார். தோள் எழும்பியது.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.  ஆயுசில் முதல்தடவையாக வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

"உக்காருங்க அண்ணே."

ரெஜினாம்மா. பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்திருந்தார். அந்த வெள்ளைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

"அவர்கிட்டயும் டாக்டரு எத்தினியோ தபா சொன்னாங்க. நின்னாரு. தேருக்கு முன்னால நின்னாரு, கொடி ஏத்தசொல்ல நின்னாரு. நின்னு நின்னு இப்ப பாருங்க, படுத்துக்கினு கீறாரு. நீங்க உக்காருங்க. ஒருத்தராவது உக்காருங்க."

ஐயா கைப்பிடியை விடவில்லை. அப்படியே இருந்தார். பிறகு தோள் மெல்ல இறங்கியது. முதுகு நாற்காலியில் பட்டது. அந்த மனிதர் விரலை வெட்டியபோது அழவில்லை, மணி அடித்தபோது அழவில்லை. உட்கார்ந்ததற்கு அழுதார்.

அழுது முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "கன்னிம்மா, அந்த ஷூவ நேரா வை."

புரிந்துகொண்டேன். அவருடைய வலது குதிகாலோடு ஒட்டி, முனை கொஞ்சம் விலகி, சிப்பாய் நிற்கிற மாதிரியே இடது ஷூவைத் தரையில் வைத்தேன். அவர் உட்கார்ந்திருந்தார். ஷூ நின்றது. முஷ்டியைத் தொடையில் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி ஆணை கொடுத்தார். அந்தக் குரல் உட்கார்ந்த மனிதனுடையது என்று கண்ணை மூடிக் கேட்டால் சொல்ல முடியாது.

இப்போது ஒரு சின்னச் சங்கடம். நாலு பேரும் பெட்டிக்கு முதுகு காட்டி வெளியே பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஐயாவின் கால் பலகையோடு நீட்டிக்கொண்டு, மாலை போட வருகிறவர்களின் வயிற்றுக்கு நேராக இருந்தது. யாராவது இடித்தால் புண் மறுபடி பிளந்துவிடும். ஆகவே நான் அந்தக் காலுக்குக் காவல் நின்றேன். வந்தவர்களை எல்லாம் ஒதுக்கி ஒதுக்கி விட்டேன். இல்லாத கட்டைவிரலுக்கு டூட்டி பார்த்த ஒரே பட்டாளத்தாள் நான்தான். பெண்கள் கூட்டத்தில், தெருமுனை இட்லிக்கடைக்காரி சொன்னது என் காதில் விழுந்தது: செத்தவன் வீட்டில் எல்லார் மூஞ்சிக்கும் நேராகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இதுதான் மிலிட்டரி மரியாதையா என்று. மனதுக்குள் குறித்துவைத்துக்கொண்டேன். சாவு வீட்டில் சண்டை போடக் கூடாது; அதற்குத் தெருக்குழாய் இருக்கிறது.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனால், கடற்கரை மண். சக்கரம் புதைந்துவிட்டது. நான் தள்ளுகிறேன், அசையவில்லை. ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நாலே எட்டுதான், நடந்துவிடட்டுமா என்கிற பார்வை. நான் கண்ணை உருட்டினேன். அதற்குள் அந்த மூன்று கிழவர்களும் வந்தார்கள். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குக் கண்ணில் புரை, மூன்றாமவருக்கு நெஞ்சில் ஏற்கெனவே அறுவை நடந்திருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் இடம் காலியாக இருந்தது. அங்கே நான் தோள் கொடுத்தேன். குழிக்கரையில் இறக்கிவைத்தோம். ஐயா மடியிலிருந்த ஷூவை நான் வாங்கி, மண்ணைத் தட்டிச் சமமாக்கி, மறுபடி நிற்க வைத்தேன். சவரிமுத்து இறங்கினார். ஐயா உட்கார்ந்தே சல்யூட் அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நர்ஸ் கட்டைப் பிரித்தார். நானும் ஸ்டெல்லா டீச்சரும் குனிந்து பார்த்தோம். உலர்ந்திருந்தது. துணி வெள்ளையாகவே இருந்தது.

அன்றைக்குப் பிறகு அவரை உட்கார வைக்க நான் எந்த ஆணியையும் தேட வேண்டியிருக்கவில்லை. முக்காலியைக்கூட எடுத்துவிட்டேன், பங்குச் சாமியார் மாதாவுக்கு நன்றி சொன்னார். மருந்து முழுக்க ஏறியது, குழாயை எடுத்தார்கள், பிறகு மாத்திரை. புண் மூடியது. டாக்டரம்மா அப்போதும் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. எலும்பில் ஒருமுறை புகுந்த கிருமி பதுங்கியிருந்து திரும்பி வரலாம், தினமும் பாதத்தைப் பாருங்கள், சர்க்கரையை விடாதீர்கள் என்றுதான் சொன்னார். ஐயாவே கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்ப்பார். ஆணிகூடத் தேவைப்படாத உயரம்.

அவருக்கென்று அளவெடுத்துச் செய்த செருப்பு வந்த நாளில், தடியை ஊன்றிக்கொண்டு சந்தில் இறங்கினார். ரெஜினாம்மா வீட்டுக்குப் போகிறேன், ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். நான் இரண்டடி பின்னால் நடந்தேன். தெருக்குழாயில் பெண்கள் குடத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார்கள். இட்லிக்கடைக்காரி என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் காலா இந்தக் கால் என்று கேட்டாள்.

மனதில் குறித்துவைத்திருந்ததை அப்போதுதான் எடுத்தேன். குழாயடியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்:

"அன்னிக்கு உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரே, அதே காலுதான்டி. நல்லாப் பாத்துக்குங்க. அன்னிக்கு அது நின்னுருந்தா, இன்னிக்கு நாம அவரு பெட்டியச் சுத்தி நின்னுக்கினு இருப்போம். அத்தினி பேரு கால் வலியையும் மிச்சம் பண்ணிக் குடுத்த காலு அது. இனிமே அவரு எங்க வேணாலும் நீட்டட்டும். நீங்க வழிய விட்டு நில்லுங்க."